பேச்சியம்மா காட்டிய திசை

மன்னார் டவுனில் ஏழெட்டுக் கழுதைகள் நடு ரோட்டை மறித்து நின்றதைப் பார்த்ததும், பேச்சியம்மா ஆட்டோவுக்குள் இருந்தபடியே கை தட்டிவிட்டாள். ஐம்பத்தாறு வயது மனுஷி, பேரன் பேத்தி எடுத்தவள், இப்படிக் கை தட்டலாமா? தட்டினாள். பக்கத்தில் இருந்த புருஷன் அழகையாவின் தொடையிலும் சேர்த்து ரெண்டு தட்டு வைத்தாள்.

"ஏங்க, இங்க பாருங்க! கழுதைக்காக பஸ்ஸே நிக்கிது!"

"ஊர்ல கழுதை பாத்ததில்லையாக்கும்."

"ஊர்க் கழுதை வேற. இது வெளிநாட்டுக் கழுதை."

ஆட்டோ ஓட்டிய மில்ரன் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்தான். "ஓம் அன்ரி. இஞ்ச அவைதான் முதலாளிமார். அவை போனாப் பிறகுதான் நாங்கள் போறது."

அன்ரியாம்! 'ஆன்ட்டி' என்பதைக் காலையிலிருந்து அவன் அப்படித்தான் சொல்லிக் கூப்பிடுகிறான். தனுஷ்கோடியில் அவளை 'ஏம்மா', 'மாங்காக்காரம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கடலைத் தாண்டியதும் அன்ரி ஆகிவிட்டாள். பேச்சியம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. தனுஷ்கோடியில், ரோடு முடிந்து கடல் தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், பேச்சியம்மாவுக்கு நீலத் தார்ப்பாய் போட்ட ஒரு கடை உண்டு. மாங்காய்க் கீற்று, வெள்ளரிப் பிஞ்சு, மோர், சங்கு, பாசிமாலை. அந்த ரோடு போடுவதற்கு முன்பிருந்தே, முப்பது வருஷமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். மத்தியானத்துக்கு மேல் டூரிஸ்ட்டுகள் வந்து இறங்குவார்கள். இறங்கியதும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "இங்கேருந்து இலங்கை தெரியுமா?" பேச்சியம்மா சாய்கிற வெயிலுக்கு முதுகைக் கொடுத்து நிற்பாள். வலது கையை நீட்டுவாள். "அதோ தெரியுதே! வெள்ளையா ஒரு கோடு மாதிரி. நல்லா உத்துப் பாருங்க." உற்றுப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. தெரியாதவர்கள் தங்கள் கண்ணைக் குறை சொல்லிக்கொண்டு மாங்காய் வாங்கினார்கள். சரி, அவளுக்குத் தெரிந்ததா என்று கேட்டால், அது கேட்கக் கூடாத கேள்வி.

ஆனால் அழகையா கேட்டார். அவர் ரயில்வேயில் தண்டவாளம் பார்த்த மனுஷன். அரை அங்குலம் பிசகினால் ஆயிரம் உயிர் போகும் என்று முப்பத்தைந்து வருஷம் குனிந்து குனிந்து பார்த்தவருக்குப் பொய் என்றால் பல் கூசும். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்குத் திருப்பூர் போய் மகன் வீட்டில் காலை நீட்டவேண்டும். பேச்சியம்மாவுக்குத் திருப்பூர் என்றால் நாலு சுவரும் ஒரு டிவியும். "கடையை விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். அப்படி ஒரு நாள் வாய்ச்சண்டை முற்றியபோதுதான் அந்தப் பந்தயம் பிறந்தது.

"இங்கிட்டிருந்து இலங்கை தெரியும்னா, அங்கிட்டிருந்து இந்தியாவும் தெரியணும்ல?" என்றார் அழகையா. "தலைமன்னார்ல போயி நின்னு பாப்போம். தெரிஞ்சா, சாகிற வரைக்கும் உன் கடையில நான் மோர் ஆத்துறேன். தெரியலைன்னா கடையை மூடிட்டுத் திருப்பூருக்கு வரணும். வெறுங்கண்ணால பாக்கணும். போன்ல பெருசாக்கிப் பாத்தா செல்லாது."

"போவோமே! எனக்கென்ன பயமா?" என்று பேச்சியம்மாவும் சொல்லிவிட்டாள். வாய் முந்திக்கொண்டது. மகன் அந்த வாரமே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டு, டிக்கெட்டும் எடுத்துவிட்டான். அவனுக்கும் அம்மா வரவேண்டும் அல்லவா? முப்பது கிலோமீட்டர் கடலுக்கு, மதுரை போய், விமானம் ஏறி, கொழும்பில் இறங்கி, ராத்திரி முழுக்க பஸ்ஸில் குலுங்கி, தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டு மன்னாருக்கு வந்து சேர்ந்தார்கள்.

மன்னாரில் அவர்களுக்கு இருந்த ஒரே நாளும் விடிந்துவிட்டது. தங்கிய வீட்டுக்காரி மார்த்தா, தேங்காய்ப்பூ போட்டு இடியப்பமும் சொதியும் கொடுத்து அனுப்பினாள். கழுதைகள் வழிவிட்டதும் பேச்சியம்மா முன்பக்கம் எட்டிக் கேட்டாள்.

"தம்பி, நேரா தலைமன்னாருக்கே விடு. மத்ததெல்லாம் அப்புறம். ஆமா, அங்கேருந்து இந்தியா தெரியும்ல?"

"வானம் வெளிச்சமா இருந்தால் தெரியும் அன்ரி."

பேச்சியம்மா எட்டிய தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மில்ரனின் குரலில் ஒரு குறையும் இல்லை. குறையே அதுதான். 'வானம் வெளுத்தா தெரியும்', 'மேகம் விலகினா தெரியும்', 'நேத்துக்கூட நல்லாத் தெரிஞ்சுது'. இவற்றுக்கெல்லாம் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? அவளே ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறவள். ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி அண்ணாந்து பார்த்தாள். வானம் கழுவிவிட்ட மாதிரி வெளிச்சமாகத்தான் இருந்தது. மேகத்தின் மேல் பழிபோடக்கூட வழியில்லை.

"என்ன புள்ள, சத்தத்தைக் காணோம்?" என்றார் அழகையா.

"ஒண்ணுமில்ல. தம்பி, என்ன அவசரம்? முதல்ல ஊரைச் சுத்திக் காட்டு. வெளிநாட்டுக்கு வந்துட்டு எதையும் பாக்காமப் போனா மனுஷன் காறித் துப்புவான்."

தலைமன்னாரைத் தள்ளிப்போடத்தான் அப்படிச் சொன்னாள். ஆனால் பாருங்கள், ஊர் சுற்ற ஆரம்பித்ததும் பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. முப்பது வருஷமாக ஊர் பார்க்க வந்தவர்களைப் பார்த்தே வாழ்ந்தவள் அவள். போட்டோ எடுத்துத் தரச் சொல்லி எத்தனை பேர் அவள் கையில் போனைத் திணித்திருக்கிறார்கள்! தான் அந்தப் பக்கம் நின்றது ஒரு நாளும் இல்லை. இன்றைக்கு நின்றாள்.

பள்ளிமுனையில் பெருக்கமரத்துக்கு முன்னால் நின்றாள். அம்மாடி, அது மரமா? யானைக் கூட்டம் ஒன்று முதுகைக் காட்டி நிற்கிற மாதிரி இருந்தது. "எழுநூறு வருசம் எண்டு சொல்லுகினம். கட்டிப் பிடிக்க இருபது பேர் வேணும்" என்றான் மில்ரன். அழகையா நம்புவாரா? செருப்பைக் கழற்றிவிட்டு, மரத்தோடு கன்னத்தை ஒட்டி, இரண்டு கையையும் விரித்து அளக்கத் தொடங்கினார். சுற்றி வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியது.

"பன்னிரண்டு பேர் போதும்."

"அங்கிள், உங்கட கை நீளம்" என்றான் மில்ரன் அசராமல். பேச்சியம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தொழில் தெரிந்த பையன். மாட்டிக்கொண்டால் வாடிக்கையாளரையே புகழ்ந்துவிட வேண்டும் என்பது அவளுடைய பாடமும்தான்.

கோட்டைக்குப் போனார்கள். மதில் மேல் ஏறி, சேலை முந்தானை கொடி மாதிரி பறக்க, நாலு பக்கமும் கும்பிடு போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டாள். வழியில் பனையோலைச் சாமான் விற்கும் கடையில் நிறுத்தச் சொன்னாள். கடைக்கார அம்மா சரீபா ஒரு தொப்பியை எடுத்து நீட்டி, "இது கடைசி ஒண்டுதான் ராத்தா, இனி வராது" என்றாள். பேச்சியம்மா அவள் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"நானும் கடைக்காரிதான்ம்மா."

சரீபா ஒரு நொடி திகைத்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே பலகைக்குக் கீழிருந்து இன்னும் ஒரு டசின் தொப்பிகளை எடுத்து மேலே போட்டாள். இரண்டு பேரும் அரைமணி நேரம் வாடிக்கையாளர்களின் கூத்துகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அழகையா வெளியே நின்று கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அகலமான விளிம்பு வைத்த தொப்பி ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பேச்சியம்மா வெளியே வந்தாள்.

"எப்படி இருக்கு?"

"காளான் மாதிரி இருக்கு."

"இருக்கட்டும். டூரிஸ்ட்டுன்னா டூரிஸ்ட்டு மாதிரி இருக்கணும்."

தீவையும் பெருநிலத்தையும் சேர்க்கிற பாலத்தடி ரோட்டில், கடல்நீர் தேங்கிய வெளியில், பூநாரைகள் நின்றன. ஆயிரமோ இரண்டாயிரமோ! தூரத்தில் ரோஜாப்பூக் குவியல் மாதிரி. மில்ரன் ஆட்டோவில் இலங்கைக்காரர்களின் துள்ளல் பாட்டான பைலாவைப் போட்டுவிட்டான். அந்தத் தாளத்துக்கு யாரால் சும்மா நிற்க முடியும்? பேச்சியம்மா ரோட்டோரத்தில் நின்று தோளைக் குலுக்கினாள். அப்புறம் இடுப்பையும். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவள் ஆடி அழகையா பார்த்ததில்லை. "ஏ, பேச்சி! ரோடுடீ!" என்றார். சொன்னாரே தவிர, மீசைக்குள் சிரிப்பு துடித்தது.

அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் கறுப்புக் குழாயைக் கண்ணில் வைத்துக்கொண்டு எதையோ தேடித் தவித்தார்கள். கிழவியிடம் பறவைப் படம் போட்ட புத்தகம் ஒன்று இருந்தது. அதில் ஒரு படத்தைக் காட்டி மில்ரனிடம் கேட்டார்கள். அவனும் தேடிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். பேச்சியம்மா படத்தை ஒரு தடவை பார்த்தாள். தண்ணீரை ஒரு தடவை பார்த்தாள். கிழவியின் தோளைப் பிடித்துத் திருப்பி, அவள் கன்னத்தோடு தன் கையை ஒட்டி நீட்டினாள்.

"அந்தா கட்டை தெரியுதா? கட்டைக்கு வலது பக்கம். புல்லு. புல்லுக்குக் கீழ, குத்த வெச்சிருக்கு பாரு."

ஒரு சொல் தமிழ் தெரியாத கிழவி, "ஓ!" என்று கத்திவிட்டாள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவளுக்கு. பேச்சியம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். புருஷனும் பார்த்தான், அவனும் கத்தினான். மில்ரன் தலையைச் சொறிந்தான். "அன்ரி, பதினைஞ்சு வருசமா இஞ்ச ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன். என்ர கண்ணுக்குப் படேல்லையே!"

"கண்ணு எல்லாருக்கும் இருக்கு தம்பி. காட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும்" என்றாள் பேச்சியம்மா. பெருமையாகத்தான் சொன்னாள். அழகையா அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மத்தியானம் மார்த்தா வீட்டில் சிவப்பரிசிச் சோறும் நண்டுக் கறியும். நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது அழகையா மெதுவாகச் சொன்னார். "திருப்பூர்லயும் நண்டு கெடைக்குமாம். ஐஸ் போட்டு வரும்." அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். பேச்சியம்மாவுக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. ஐஸ் போட்ட நண்டு! காலையில் பிடித்த நண்டு இலையில் கிடக்கும்போது சொல்லுகிற பேச்சா அது? இனி சுற்றிக் காட்டவும் மில்ரனிடம் இடமில்லை. கையைக் கழுவினாள். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தாள்.

"கெளம்புங்க" என்றாள். "பாத்துருவோம்."

தலைமன்னாருக்குப் போகிற ரோட்டில் இரண்டு பக்கமும் பனைமரங்கள் ஓடின. அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. ரயில் நிலையத்தில் இறங்கியதும் அழகையா தண்டவாளத்தைக் கண்டு குழந்தை மாதிரி ஓடினார். குனிந்து சாண் போட்டு அளந்தார். "ஏ பேச்சி, அஞ்சரை அடி! நம்ம ஊரு அளவேதான்! அப்படியே!" என்று கூவினார். அவர் சந்தோஷத்தைப் பார்க்க அவளுக்கும் சந்தோஷம் வந்தது.

கடற்கரைக்கு நடந்தார்கள். மணி நாலரை இருக்கும். இடிந்துபோன பழைய இறங்குதுறைக்குப் பக்கத்தில் மலைநாட்டுப் பதுளையிலிருந்து வந்த ஒரு வேன் நின்றது. சுற்றுலா வந்த பிள்ளைகள் மணலில் இறைந்து கிடந்தார்கள். சிவராணி என்று அவர்களுடைய டீச்சர், இருபத்தைந்து வயது இருக்கும், தொண்டை கட்டிப்போய் அவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பனையோலைத் தொப்பியோடு நின்ற பேச்சியம்மாவைப் பார்த்ததும் ஊர்க்காரி என்று நினைத்துவிட்டாள் போல. நேரே அவளிடம் வந்தாள்.

"அம்மா, இங்க இருந்து இந்தியா தெரியுமா?"

பேச்சியம்மா யோசிக்கவே இல்லை. யோசிக்க நேரம் கொடுத்தால்தானே! முப்பது வருஷப் பழக்கம் அவளைத் திருப்பி நிறுத்தியது. சாய்கிற வெயிலுக்கு முதுகைக் கொடுத்தாள். வலது கையை நீட்டினாள்.

"அதோ தெரியுதே! வெள்ளையா ஒரு கோடு மாதிரி. நல்லா உத்துப் பாருங்க."

பிள்ளைகள் ஓடிவந்து அவள் கைக்குக் கீழே குவிந்தார்கள். "தெரியுது! தெரியுது டீச்சர்!" என்று துள்ளினார்கள். ஒருத்தி, "மரமெல்லாம் தெரியுது!" என்றாள். பின்னால் நின்ற குண்டுப் பையன், "கோயில் கோபுரம்கூடத் தெரியுது! ராமேஸ்வரம் கோபுரம்!" என்றான். சிவராணி டீச்சர் கண்ணுக்கு மேல் கையை வைத்து, "ஆமா, ஆமா, தெளிவாத் தெரியுதே" என்று போனை எடுத்து நாலு படம் பிடித்தாள். பேச்சியம்மாவுக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. அவளுக்கே தெரிந்தது! மெய்யாகவே வெள்ளைக் கோடு! மரம்! அதற்கு நடுவில் ஏதோ கட்டடம்! "ஏங்க! தெரியுதுங்க! நான் சொன்னேன்ல!" என்று கூவிவிட்டாள்.

மில்ரன் மணலில் உட்கார்ந்துவிட்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பேச முடியவில்லை அவனுக்கு.

"அன்ரி... ஐயோ அன்ரி... அது பேசாலை!"

"என்னது?"

"பேசாலை! நாங்கள் வந்த பாதையில இருக்கிற ஊர். நான் கலியாணம் முடிச்ச இடம். உந்தத் தம்பி காட்டுறது எங்கட பேசாலைக் கோயில். என்ர மாமி அங்கதான் இருக்கிறா. ஒரே சொல்லில மாமியை இந்தியாவுக்கு அனுப்பிப் போட்டீங்களே!"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். டீச்சர் சிரித்தாள். அழகையா தலையில் அடித்துக்கொண்டார். பேச்சியம்மாவும் சிரித்தாள், சிரிக்காமல் என்ன செய்வது? அவள் ஊரில் சாயங்கால வெயிலுக்கு முதுகைக் கொடுத்தால் எதிரே இலங்கை. இங்கேயும் முதுகைக் கொடுத்தால் எதிரே இலங்கைதானே! முப்பது வருஷமாக அந்தக் கை காட்டிய நாட்டையேதான் மறுபடியும் காட்டியிருக்கிறது.

"அப்ப இந்தியா எந்தப் பக்கம்?" என்றாள் டீச்சர்.

மில்ரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேற்கே காட்டினான். எல்லோரும் திரும்பினார்கள். பேச்சியம்மாவும் திரும்பினாள்.

வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. தண்ணீர். தண்ணீருக்கு அப்பால் தண்ணீர். கரைக்கு வந்துகொண்டிருந்த ஒரு படகு. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. தொப்பியைக் கீழே இழுத்து உற்றுப் பார்த்தாள். கண்ணை இடுக்கிப் பார்த்தாள். எத்தனை பேரை உற்றுப் பார்க்கச் சொல்லியிருப்பாள்! அத்தனை பேர் பார்வையையும் சேர்த்துப் பார்த்தாள். கோடு இல்லை, புள்ளி இல்லை. அந்த ஒன்றுமில்லாததற்குள் எங்கோ அவள் கடை இருந்தது.

"தெரியுதா அம்மா?" என்றாள் டீச்சர். பிள்ளைகள் அவள் வாயையே பார்த்தார்கள்.

சொல்லிவிடலாம். அதோ என்று ஒரு வார்த்தை. இந்தப் பிள்ளைகள் இன்னொரு தடவையும் துள்ளுவார்கள். ஆனால் பக்கத்தில் அந்த மனுஷன் நிற்கிறார். வெறுங்கண்ணால் பார்ப்போம் என்று இருவரும் பேசி, கடல் தாண்டி வந்தாகிவிட்டது. அவரிடம் தோற்பது ஒன்றும் புதிதில்லை. அவரை ஏமாற்றித் திரும்பிப்போய் அந்தக் கடையில் உட்கார அவளுக்கு மனம் வரவில்லை.

"தெரியலைம்மா" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "எனக்கு ஒண்ணும் தெரியலை."

பிள்ளைகள் முகம் சுருங்கியது. பேச்சியம்மா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். திருப்பூரில் மகன் வீடு மூன்றாம் மாடி என்று ஞாபகம் வந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். அங்கே யார் வந்து எதைக் கேட்கப் போகிறார்கள்?

"தாத்தா, உங்களுக்கு?" என்றான் குண்டுப் பையன்.

அழகையா நெற்றியில் கையை வைத்து மேற்கே பார்த்தார். அவசரப்படவில்லை. தண்டவாளத்தின் மட்டம் பார்க்கிறவர் மாதிரி ஒற்றைக் கண்ணை மூடினார், திறந்தார், மற்றதை மூடினார். மில்ரன்கூட எழுந்து நின்றான்.

"தெரியுது" என்றார்.

பேச்சியம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதோ, கரையோட கடைசியில. நீலமா ஒரு தார்ப்பாய் இருக்கு பாருங்க. அது இவ கடை. நல்லா உத்துப் பாருங்க பிள்ளைகளா."

"ஆமா! நீலமாத் தெரியுது!" என்று குண்டுப் பையன் கத்தினான். "எங்கடா, எங்கடா" என்று மற்றவர்கள் அவனைப் பிடித்து இழுத்தார்கள். மணலெல்லாம் ஒரே கூச்சல்.

பேச்சியம்மாவுக்குக் கண் கரித்தது. அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பொய் சொல்லாதீங்க."

"நான் என்னைக்குப் பொய் சொல்லியிருக்கேன்?" அவர் பார்வையைக் கடலிலிருந்து எடுக்கவில்லை. "வடக்கு ஓரம் கிழிஞ்சு காத்துல அடிக்கிது, தெரியலையா உனக்கு? ஊருக்குப் போனதும் மொத வேலையா அதை மாத்தணும்."